கீலுக்கு ஒரு சாண் கீழே

பகலில் கப்பலுக்குப் பூசுகிறேன்,
கிதீனியா உலர்துறையில், பலகையில் தொங்கியபடி.
யாரும் பார்க்கப்போகாத அடிவயிற்றுக்குச்
சிவப்பு, மூன்று கை.
இரவில் நிலவறையில் இந்த மடக்கு சைக்கிள்.

ஞாயிற்றுச் சந்தையில் நூற்றிருபது ஸ்வோத்திக்கு வாங்கியது.
விற்றவன் பெயர் சொல்லவில்லை.
"மழையே பட்டதில்லை" என்றான்.
மழை படாத சைக்கிளாம், இந்த ஊரில்.
பேரம் பேசாமல் கொடுத்தேன்.
ஏன் பேசவில்லை என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

நான்கு குளிர்காலம் என்னோடு ரயிலேறியது,
கதவோரம் மடிந்து நின்றது,
பனி கரைய நகராட்சி வாரி இறைத்த உப்பையெல்லாம்
வயிற்றில் வாங்கிக்கொண்டது.
உப்புத் தின்ற இரும்பு
தண்ணீர் குடிக்காமல் இருக்குமா?
கேபிள் உரசும் இடத்தில் முதலில் பூனைமயிர் போல ஒரு கோடு.
பிறகு கீலின் ஓரம் பெயின்ட் உப்பியது.
நகத்தால் தொட்டேன்,
பிஸ்கட்டாய் உதிர்ந்தது.

ஆகவே இந்தச் சனிக்கிழமை உப்புத்தாள்.
உப்பு செய்ததை உப்புத்தாள்தான் கேட்க வேண்டும்.
மேலே பச்சை: யார் வீட்டுக் கதவுக்கோ வாங்கி மிஞ்சியது,
தூரிகை மயிர் இரண்டு இன்னும் அதில் ஒட்டியிருக்கிறது.
பச்சையின் கீழ் கறுப்பு ஸ்பிரே, வழிந்து வழிந்து.
கறுப்பின் கீழ் ஆரஞ்சு,
தொழிற்சாலையில் சூளையேறிய பூச்சு,
அது மட்டும் மல்லுக்கு நின்றது.
அதையும் உரித்த பிறகு
இரும்பிலேயே
புள்ளி புள்ளியாய்க் குத்திய ஏழு எழுத்து.
காவல் நிலையத்து ஊசி.
திருட்டுப் போனால் தேடலாம் என்று
யாரோ ஒருநாள் வரிசையில் நின்று
பொறித்து வாங்கியது.

கறுப்பு ஏன் அத்தனை அவசரமாய் வழிந்ததென்று
அப்போது புரிந்தது.

உரித்த இரும்பு யாருக்கும் காத்திராது.
கடல் காற்றில் சில மணி நேரம்தான்,
அதற்குள் பிரைமர் தொட்டாக வேண்டும்.
கப்பலுக்கும் அதே கணக்கு,
ஃபோர்மன் கஸ்பெர் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் கத்துவார்.
துத்தநாகப் பிரைமரைக் கலக்கியாயிற்று.
கலக்கிவிட்டால் அதுவும் காத்திராது.
ஒரு கை போதும்,
ஏழு எழுத்தும் நிரம்பிச் சமமாகிவிடும்.
யாரும் பார்க்காத இடத்துக்குப் பூசுவதுதானே என் பிழைப்பு.

மூன்றாம் மாடி ஸ்வாவா சலவைக் கூடையோடு வந்தாள்.
"என்ன நிறம் அடிக்கப்போகிறாய்?"
"தெரியவில்லை" என்றேன்.
நிறத்தைச் சொல்கிறேன் என்று நினைத்து
மஞ்சள் அடி என்று சொல்லிப் போனாள்.

குழாய்க்குள் மெழுகெண்ணெய், சாய்த்துச் சாய்த்து.
வெல்டிங் தழும்புகளுக்குச் சின்னத் தூரிகை.
கீலின் இரு முகமும் சேரும் இடத்தில் பெயின்ட் ஆகாது,
மடிக்கும்போது கடிபட்டு உடையும்,
அங்கே கிரீஸ் மட்டும்.
எல்லாம் முறைப்படி.
அந்த எழுத்துகள் மேல் மட்டும்
தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு காகித டேப்.
படுத்தேன். தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன்.

காலையில் டேப்பை உரித்தால்
எப்படியோ அடியில் ஈரம் புகுந்திருக்கிறது.
சுற்றிலும் இரும்பு இன்னும் வெள்ளை.
குத்திய புள்ளிகளில் மட்டும் துரு.
நேற்று விளக்கைச் சாய்த்துச் சாய்த்து எழுத்துக் கூட்டியதை
இன்று கண்ணாடி போடாமல் படிக்கிறேன்.

பதிவுப் பிரிவு திங்கள் எட்டு மணிக்குத் திறக்கும்.
அதுவரை நிறமில்லாத வார்னிஷ், ஒரு கை.
இனி அந்த ஏழு எழுத்துக்கும்
மழை படக்கூடாது.